சந்தனம் அரைத்த கைகள்

அன்பான நேயர்களே, வணக்கம்.

நம் திருகோணமலையில் இதிகாசம் என்று பேச்சைத் தொடங்கினால், அது இராவணனிடம்தான் போய் நிற்கும். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு இருக்கிறது. தாயின் அந்தியேட்டிக்காக அவன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் வெந்நீர் ஊற்றுகள் கன்னியாவில் இருக்கின்றன. இராமாயணம் நம் வாசலில் கிடக்கிறது. ஆனாலும் இன்றைக்கு நான் மகாபாரதத்தைப் பேச வந்திருக்கிறேன். பாண்டிருப்பில் திரௌபதி அம்மனுக்குப் பதினெட்டு நாள் விழா எடுத்துத் தீ மிதிக்கும் கிழக்கு மாகாணத்தில் பாரதமும் நமக்கு அந்நியமில்லை.

குருச்சேத்திரத்துக்கு நான் போகப்போவதில்லை. பதினெட்டுப் பருவங்களில் நான்காவதான விராட பருவம் மட்டும் போதும். பன்னிரண்டு ஆண்டு வனவாசம் முடித்த பாண்டவர்கள், யாரும் அடையாளம் காணாதபடி கழிக்க வேண்டிய பதின்மூன்றாம் ஆண்டின் கதை அது. பாரதம் முழுவதிலும் நமக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் மாவட்டத்தில், தன் நிலையிலிருந்து ஒரு காலமாவது இறங்கி வாழாத குடும்பம் அரிது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்து போன பிறகு, சொந்த வள்ளமும் வலையும் வைத்திருந்தவர்கள் நிவாரண வரிசையில் நின்றார்கள். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் வயலையும் மாட்டையும் விட்டுவந்து, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்கள். 2022 நெருக்கடியில் மாதச் சம்பளக்காரரின் கையிலிருந்த பணம் கண் முன்னாலேயே பாதியாகக் கரைந்தது. பட்டம் பெற்ற பிள்ளைகள் கடைகளில் பில் போடுகிறார்கள். நிலாவெளி விடுதிகளில் கட்டில் விரிப்பு மாற்றுகிறார்கள். எத்தனையோ தாய்மார் வளைகுடா நாடுகளில் பிறர் வீட்டு அடுப்படியில் நிற்கிறார்கள். வேலையின் பாரத்தைவிட, 'நான் யார் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது' என்ற எண்ணமே இவர்களை அதிகம் வாட்டுகிறது.

இந்த வலியைப் பாரதம் நன்றாக அறியும். வனவாசத்தின் கடைசியில், நச்சுப் பொய்கைக் கரையில் யட்சன் தருமரிடம் கேட்கிறான்: யார் மகிழ்ச்சியானவன்? கடன் இல்லாமல், வீட்டைவிட்டுப் பிரிந்து போகாமல், பகலின் ஐந்தாம் ஆறாம் பொழுதிலாவது தன் வீட்டில் கொஞ்சம் கீரை சமைத்து உண்பவன் என்கிறார் தருமர். ஒரு பேரரசர் சொல்லும் பதில் இது. நுண்கடன் தவணைக்காக வாரந்தோறும் கலங்கும் வீட்டிலும், விமான டிக்கெட்டை வைத்துக்கொண்டு பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் வீட்டிலும் இந்தப் பதிலுக்கு விளக்கவுரை வேண்டாம். அதைச் சொன்ன தருமருக்கு அப்போது வீடும் இல்லை, நாடும் இல்லை. அடுத்த நாளே வேலை தேடிப் புறப்பட வேண்டிய நிலை.

அவர்கள் எப்படி வேலை தேடினார்கள் என்பதைக் கவனியுங்கள். தருமர் சூதாட்டத்தில் எல்லாவற்றையும் இழந்தவர். காட்டில் பிருகதசுவ முனிவரிடம் சூதின் நுணுக்கத்தைக் கற்றிருந்தார். அதைக் கொண்டே விராட மன்னனுக்குச் சூதாடும் துணைவராக, கங்கன் என்ற பெயரில் சேர்ந்தார். சாப்பாட்டுப் பிரியனான வீமன் மடைப்பள்ளிக்குப் போனான். இந்திரலோகத்தில் ஆடலும் பாடலும் பயின்றிருந்த அருச்சுனன், பிருகந்நளை என்ற திருநங்கை வேடத்தில் இளவரசி உத்தரைக்கு நடனம் கற்பித்தான். நகுலனுக்குக் குதிரை, சகாதேவனுக்குப் பசுக்கூட்டம். திரௌபதி அரசி சுதேட்சணைக்குத் தலைவாரிப் பூச்சூட்டும் சைரந்திரி ஆனாள். ஒருவராவது தெரியாத வேலையைத் தெரிந்ததாகச் சொல்லிச் சேரவில்லை. பொழுதுபோக்காகவும் ஆசைக்காகவும் முன்பே கற்றுக்கொண்டவைதான் கெட்ட காலத்தில் சோறு போட்டன. தையலோ கேக் செய்வதோ மோட்டார் திருத்துவதோ பழகும் பிள்ளையைப் பார்த்து, 'படிப்பை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு' என்று கேட்கும் பெற்றோர் இந்த இடத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

வேலைக்குப் புறப்படும் முன் தௌமிய முனிவர் அவர்களுக்கு, பிறர் மாளிகையில் வாழும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறார். பிறருக்குரிய ஆசனத்தில் உட்காராதே. கேட்காமல் ஆலோசனை சொல்லாதே. அங்கே கேட்டதை வெளியில் பேசாதே. இன்னொருவருக்கு வேலை ஏவப்படும்போது, 'நான் செய்யட்டுமா' என்று எழுந்து நில். புதிதாக வேலைக்குச் செல்லும் எந்தப் பிள்ளைக்கும் இன்றும் பொருந்தும் சொற்கள். ஒன்றை மட்டும் என் மனம் ஏற்க மறுக்கிறது. வீட்டைவிட்டு வந்தவன் அன்புக்குரியவர்களை நினைக்காமல் இருக்க வேண்டும் என்கிறார் அவர். குவைத்திலோ ரியாத்திலோ இரவு வேலை முடிந்த பிறகு, தொலைபேசியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கும் தாயிடம் போய் அதை எப்படிச் சொல்வது? பாண்டவர்களே அதைக் கைக்கொள்ளவில்லை. வீமன் மடைப்பள்ளி உணவையும், சகாதேவன் பாலும் தயிரும் நெய்யும், அருச்சுனன் அந்தப்புரத்தில் கிடைத்த பழைய ஆடைகளின் விலையையும், தருமர் சூதில் வென்ற பொருளையும் இரகசியமாக ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள் என்று வியாசரே எழுதியிருக்கிறார். அந்த ஓராண்டை அவர்கள் கடந்தது இந்த ஒளிவுமறைவான பரிமாற்றத்தால்தான்.

இனி, இந்தப் பருவத்தின் மிகக் கொடிய இடம். அரசியின் சகோதரனும் சேனாதிபதியுமான கீசகன் திரௌபதியைத் துரத்துகிறான். அவள் சபைக்கு ஓடிவருகிறாள். அரசன் முன்னிலையிலேயே அவளை உதைக்கிறான். தருமரும் வீமனும் அங்கே இருக்கிறார்கள். வீமன் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து மரத்தைப் பார்க்கிறான். வேடம் கலைந்துவிடும் என்று அஞ்சிய தருமர், 'சமையற்காரனே, விறகுக்கா மரம் பார்க்கிறாய்? வெளியே போய்த் தேடு' என்கிறார். நியாயம் கேட்டு அழும் மனைவியிடம், 'கூத்தாடும் பெண்போல அழுது சூதாட்டத்தைக் குழப்பாதே' என்கிறார். அவர் நெற்றி வியர்த்திருந்தது என்றும் வியாசர் எழுதுகிறார். அந்த வியர்வையை நான் மதிக்கிறேன். அந்தச் சொற்களை மன்னிக்க என்னால் முடியவில்லை. குடும்பத்தைக் காப்பாற்ற மௌனமாக இருக்க நேர்ந்தாலும், பாதிக்கப்பட்டவளையே அதட்டுவது தருமம் ஆகாது.

அன்றிரவு திரௌபதி மடைப்பள்ளிக்குப் போய் வீமனை எழுப்புகிறாள். நெடுநேரம் பேசுகிறாள். தன் துயரத்தோடு ஒவ்வொரு கணவனின் தாழ்வையும் எண்ணி அழுகிறாள். 'குந்திக்குத் தவிர வேறு யாருக்கும், எனக்குக்கூட நான் சந்தனம் அரைத்ததில்லை. இப்போது என் கைகளைப் பார்' என்று நீட்டுகிறாள். சந்தனக் கல்லில் அரைத்து அரைத்துக் காய்த்துப்போன கைகள். வீமன் அந்தக் கைகளை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுகிறான். யானைகளை வீழ்த்தியவன், மனைவியின் காய்ப்பேறிய கைகளுக்கு முன்னால் உடைந்துபோகிறான். கீசகனை என்ன செய்வது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

நேயர்களே, குறிப்பாக ஆண்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மீன் வெட்டி, கருவாடு போட்டு, பிறர் வீட்டுத் துணி துவைத்து, தையல் இயந்திரத்தில் இரவு முழுதும் குனிந்திருந்து பெண்கள் வளர்த்த வீடுகள் நம் ஊரில் எத்தனை? அந்தக் கைகளை எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வெளிநாட்டிலிருந்து அவள் அனுப்பிய பணத்தின் கணக்கு நமக்குத் தெரியும். அங்கே அவள் என்ன பட்டாள் என்று கேட்க நமக்குத் துணிவு வருவதில்லை. கேட்டால் அழ நேரிடுமே என்ற பயம். வீமன் அழுதான். அதனால் அவன் பலம் குறைந்துவிடவில்லை.

தருமருக்கும் ஓர் அடி விழுகிறது. கௌரவர்களைத் தன் மகனே வென்றான் என்று எண்ணியிருந்த விராடன், தருமர் பிருகந்நளையைப் புகழ்ந்ததற்காகச் சினந்து சூதுக்காயால் அவர் முகத்தில் எறிகிறான். இரத்தம் வழிகிறது. அதை நிலத்தில் விழவிடாமல் தருமர் கையில் ஏந்துகிறார்; திரௌபதி பொற்பாத்திரத்தில் தாங்குகிறாள். அருச்சுனன் பார்த்தால் அரசன் உயிர் பிழைக்க மாட்டான் என்று அவனை உள்ளே விடாமல் தடுத்து, விராடனைப் பொறுத்துக்கொள்கிறார். ஆனால் கீசகனோ வீமன் கையால் ஓர் இரவில் நடனசாலையில் செத்துக்கிடந்தான். இரண்டும் அவமானம்தான். முதலாளியின் ஒருநாள் கோபத்தைப் பொறுக்கலாம். ஒரு பெண்ணின் உடலையும் மானத்தையும் குறிவைப்பவனைப் பொறுக்கக் கூடாது. அங்கே வீமன் செய்ததை நாம் சட்டத்தைக் கொண்டு செய்ய வேண்டும். நம் நாட்டில் பெண்களின் முறைப்பாட்டுக்கென்றே 1938 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. வேலை போய்விடும், ஊர் பேசும் என்று அஞ்சி ஒளிக்காதீர்கள், சகோதரிகளே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் முன் ஆயுதங்களை அவர்கள் சுடுகாட்டருகே ஒரு வன்னிமரத்தில் கட்டிவைத்தார்கள். யாரும் நெருங்காதிருக்க ஒரு பிணத்தையும் கட்டினார்கள். அருச்சுனனின் வில்லான காண்டீபத்தை விற்றுத் தின்னவில்லை. சான்றிதழைத் தூக்கி எறிய நினைக்கும் பிள்ளைகளே, கற்ற மொழியை, எழுத்தை, கலையை எங்காவது பத்திரமாகக் கட்டிவையுங்கள்.

அவர்களைத் தேடிய ஒற்றர்கள் வெறுங்கையோடு திரும்பியபோது பீஷ்மர் ஒரு குறிப்புச் சொன்னார்: தருமன் வாழும் நாட்டில் மழை தவறாது, பயிர் பொய்க்காது, அங்கே போய்த் தேடுங்கள். மழை வேண்டி விராட பருவத்தைப் படிக்கும் வழக்கம் தமிழரிடம் இருக்கிறது. பெரும்போகத்துக்கு வானத்தைப் பார்த்திருக்கும் தம்பலகாமத்து விவசாயிக்கு அந்த வரிகள் இனிக்கும். அந்த ஆண்டு முழுவதும் தருமர் சம்பளத்துக்குச் சூதாடிய ஒரு பணியாளர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கடைசியாக உத்தரை. கௌரவர்கள் பசுக்களைக் கவர வந்தபோது, தேரோட்டப் புறப்பட்ட பிருகந்நளையிடம் அவளும் தோழியரும், 'எங்கள் பொம்மைகளுக்கு அழகான துணி கொண்டுவாருங்கள்' என்று கேட்டார்கள். பீஷ்மர், துரோணர், கர்ணன் எல்லோரையும் அன்று தனியாக எதிர்த்து நின்ற அருச்சுனன் அந்தச் சிறுமியின் வேண்டுகோளை மறக்கவில்லை. மயங்கிக் கிடந்த மாவீரர்களின் வெள்ளை, மஞ்சள், நீல ஆடைகள் பொம்மைகளுக்கு வந்து சேர்ந்தன. உண்மை வெளிப்பட்ட பின் விராடன், மகளை அருச்சுனனுக்கே மணம் முடிக்க முன்வந்தான். 'நான் அவளுக்குக் கற்பித்தவன். தந்தையைப்போல் என்னை நம்பினாள். மருமகளாக ஏற்கிறேன்' என்று சொல்லித் தன் மகன் அபிமன்யுவுக்கு அவளைக் கேட்டான் அவன். போர் முடிந்தபோது, அதில் கலந்துகொண்ட பாண்டவரின் பிள்ளைகள் ஒருவரும் மிஞ்சவில்லை. குலத்தைத் தொடர்ந்த பரீட்சித்து, அந்த நடன ஆசிரியரின் மாணவி உத்தரையின் வயிற்றில் பிறந்தவன்.

நன்றி, நேயர்களே. வணக்கம்.