பிரிந்த பிறகு வீட்டில் இருந்தவர் வாடகை கொடுக்க வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம். ஒன்ராறியோவில் ஒரு கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. ஒருவர் பிள்ளைகளோடு அங்கேயே இருக்க, மற்றவர் எங்கேயோ ஒரு பேஸ்மென்ட்டில் வாடகைக்குப் போகிறார். வீட்டை விற்றுப் பங்கு பிரிக்க ஒன்றரை, இரண்டு வருடம் இழுபடுகிறது. 'என்னுடைய பாதியையும் சேர்த்து அவர்தானே அனுபவித்தார், அதற்கு வாடகை கேட்கலாமா?' என்று வெளியே போனவர் கேட்கிறார்.

கேட்கலாம். சட்டத்தரணிகள் இதை ஒக்குபேஷன் ரென்ட், அதாவது பயன்பாட்டு வாடகை என்பார்கள். ஆனால் கேட்ட உடனே கிடைக்கிற பணம் அல்ல இது. குடும்பச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மணம் முடித்த இருவருக்கும் அந்த வீட்டில் இருக்கச் சம உரிமை கொடுக்கிறது. ஆகவே உள்ளே இருப்பவர் அத்துமீறி இருப்பவர் இல்லை. வாடகை கொடுக்கச் சொல்வது நியாயம் என்று நீதிபதிக்குப் பட்டால் மட்டும்தான் உத்தரவு வரும்.

எதையெல்லாம் பார்ப்பார்கள்? ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாகச் சொன்னது. கோரிக்கை எப்போது வைக்கப்பட்டது, எவ்வளவு காலம் ஒருவர் மட்டும் இருந்தார், வெளியே போனவரால் தன் பங்குப் பணத்தை எடுக்க முடியாமல் போனதா, கழிக்கவேண்டிய செலவுகள் எவை, இருவருக்கும் இடையில் வேறு என்ன கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கடைசி இரண்டையும் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான கோரிக்கைகள் கரைந்து போவது அங்கேதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்த வீட்டுக்குச் சந்தை வாடகை மாதம் 3,200 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக்கூடியது அதில் பாதி, 1,600. 20 மாதத்துக்கு 32,000 டொலர். பெரிய தொகைதான். இனி மறுபக்கம். உள்ளே இருந்தவர் மாதாமாதம் மோட்கேஜ் 2,400, வீட்டு வரி 400, காப்புறுதி 150 என்று மொத்தம் 2,950 டொலரைத் தனியாகவே கட்டியிருக்கிறார். அதில் பாதி மற்றவர் கட்டவேண்டியது: 1,475. 20 மாதத்துக்கு 29,500. கழித்தால் மிஞ்சுவது 2,500 டொலர். அதற்காக வழக்காடினால் செலவு அதைத் தாண்டிவிடும். வெளியே போனவரும் தன் பாதியை ஒழுங்காகக் கட்டி வந்திருந்தால் கதையே வேறு; அந்த 32,000 அப்படியே நிற்கும். மின்சாரம், காஸ், தண்ணீர் ஆகியவற்றின் கட்டணம் பொதுவாக இருந்து பாவித்தவர் தலையில்தான். அவற்றை இந்தக் கழிவுக்குள் சேர்க்கப் பார்க்காதீர்கள்.

ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. பேஸ்மென்ட் வாடகைக்கு விட்டிருப்பார்கள். அந்த வாடகையிலும் பாதி மற்றவருடையது; அது தனிக் கணக்கு. அதைக் கேட்கிறவர், சந்தை வாடகையைக் கணிக்கும்போது மேல்வீட்டை மட்டும்தான் எடுக்கவேண்டும். முழு வீட்டுக்கும் வாடகை போட்டு, பேஸ்மென்ட் பணத்திலும் பாதி கேட்டால் ஒரே இடத்துக்கு இரண்டு முறை கேட்டதாகிவிடும்.

பிள்ளைகளின் பராமரிப்புப் பணம் கட்டாமல் இருந்துகொண்டு வீட்டு வாடகை கேட்பவருக்கு நீதிமன்றத்தில் இரக்கம் கிடைப்பது கடினம். அது சரியென்றே நான் நினைக்கிறேன். அந்தக் கூரைக்குக் கீழேதானே அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள். மனைவிக்கோ கணவனுக்கோ பராமரிப்புத் தொகை தீர்மானிக்கும்போதே 'வீட்டுச் செலவு இவ்வளவு' என்று கணக்கில் எடுத்திருந்தால், அதையும் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்.

காலம் தாழ்த்துவதுதான் பெரிய பிழை. இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டு, வீடு விற்ற பிறகு கேட்டால், 'அப்போதே சொல்லியிருந்தால் நான் விற்கச் சம்மதித்திருப்பேனே' என்று மற்றவர் சொல்லலாம். ஆகவே வெளியேறிய கையோடு, திகதி போட்டு, இரண்டு விடயங்களை எழுத்தில் அனுப்புங்கள்: வீட்டை விற்க வேண்டும் அல்லது என் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவரை பயன்பாட்டு வாடகை கேட்கிறேன். மறுத்தால், கூட்டு உரிமையாளர் விற்பனை உத்தரவு கேட்க ஒன்ராறியோவில் பாகப்பிரிவினைச் சட்டம் இருக்கிறது. வழக்குத் தொடங்கினால் படிவம் 8இல், பதில் கொடுப்பவரானால் படிவம் 10இல், இந்தக் கோரிக்கையைத் தனியாகக் குறிப்பிடுங்கள். சொத்து விபரத்துக்குப் படிவம் 13.1 வேண்டும்.

ஆதாரமாக, இணையத்தில் இன்றைக்குக் கண்ட வாடகை விளம்பரம் ஒன்று போதாது. பிரிந்த காலத்து வாடகைக்கு வீட்டு மதிப்பீட்டாளரின் எழுத்து மூலமான கருத்தை எடுங்கள். வங்கியின் மோட்கேஜ் அறிக்கை, நகரசபை வரிச் சீட்டு, காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றை மாதவாரியாக அடுக்குங்கள். உள்ளே இருப்பவருக்கும் இதே ஆவணங்கள்தான் பாதுகாப்பு. காசாகக் கட்டிய கூரைத் திருத்தத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் அதைக் கழித்துக்கொள்வது சிரமம்.

வீட்டில் வன்முறை நடந்திருந்தால், வாடகைக் கணக்குக்கு முன்னால் தனித்துக் குடியிருக்கும் உத்தரவை, அதாவது ஒருவர் மட்டும் அந்த வீட்டில் இருக்கலாம் என்ற உத்தரவைக் கேளுங்கள். குடும்பச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி அந்த உத்தரவைக் கொடுக்கும்போது நீதிபதி பிள்ளைகளின் நலனையும் வன்முறையையும் பார்ப்பார். உள்ளே இருப்பவர் மற்றவருக்கு மாதாந்தம் ஒரு தொகை கொடுக்கவேண்டுமா என்பதையும் அங்கேயே தீர்மானிக்க முடியும்.

பெரும்பாலானவர்கள் கடைசியில் பிரிவு ஒப்பந்தத்தில்தான் முடிக்கிறார்கள். அதில் 'இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி வழமையாக இருக்கும். வாடகைக் கணக்கு தீர முதல் அதில் கையெழுத்து வைத்தால் பிறகு கேட்க வழி அடைபட்டுவிடும். இருவரும் தனித்தனிச் சட்டத்தரணியிடம் காட்டி, பயன்பாட்டு வாடகை சேர்க்கப்பட்டதா, கைவிடப்பட்டதா என்று தொகையோடு எழுதச் சொல்லுங்கள்.