அசெம்பிளியில ஜெபம் பண்ணலாமா? தென்னாப்பிரிக்கச் சட்டம் என்ன சொல்லுது

டர்பன் பக்கத்துல இருக்கிற சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "எங்க பக்கத்து அரசுப் பள்ளியில நான் கவர்னிங் பாடி (பள்ளி நிர்வாகக் குழு) மெம்பர். திங்கட்கிழமை அசெம்பிளியில வேத வாசிப்பும் ஜெபமும் நடக்குது. நிறுத்தணும்னு சில பெற்றோர் கேக்குறாங்க. நானும் விசுவாசிதான். நான் எந்தப் பக்கம் நிக்கணும்?"

ஜெபத்தை நிறுத்த வேண்டியதில்லை, சகோதரி. ஆனா இப்ப நடக்கிற மாதிரியே நடத்தவும் முடியாது.

அரசுப் பள்ளியில கடவுள் பேரையே எடுக்கக் கூடாதுன்னு ஒரு சாரார் சொல்றாங்க. இது கிறிஸ்தவ நாடு, பிடிக்காதவங்க வெளிய நிக்கட்டும்னு இன்னொரு சாரார் சொல்றாங்க. நம்ம சட்டம் இந்த ரெண்டையும் சொல்லலை. 1996 அரசியலமைப்புல 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்க. அரசுப் பள்ளியில வழிபாடு நடக்கலாம், ஆனா மூணு நிபந்தனை. உரிய அதிகாரம் உள்ளவங்க போட்ட விதிப்படி நடக்கணும். எல்லா மதத்துக்கும் நியாயமா இருக்கணும். வர்றவங்க தானா விரும்பி வரணும்.

பள்ளியில அந்த விதியைப் போடுறது யாரு? பிரின்சிபால் இல்லை. 1996 பள்ளிச் சட்டம் 7ஆம் பிரிவு அந்த வேலையைக் கவர்னிங் பாடிகிட்டதான் குடுத்திருக்கு, அதாவது உங்க கிட்ட. அதனால முதல்ல மினிட்ஸ் புக்கைத் திறந்து, இந்த ஜெபத்துக்கு எழுதின விதி இருக்கான்னு பாருங்க. "ரொம்ப நாளா இப்படித்தான் நடக்குது"ங்கறது விதி ஆகாது.

அதிகமா சிக்கல் வர்றது மூணாவது நிபந்தனையிலதான். "வேண்டாம்னா வெளிய நிக்கலாம்"னு சொல்லிட்டா விருப்பம் ஆயிடுமா? நாலாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணை நினைச்சுப் பாருங்க. முந்நூறு பேர் உள்ள பாடறாங்க, அது மட்டும் பையோட வராந்தாவுல நிக்குது. உள்ள போற சிநேகிதி திரும்பித் திரும்பிப் பாக்குறா. அடுத்த வாரம் அந்தப் பிள்ளையும் உள்ள போய் நின்னுடும். அது விரும்பிப் போகலை, கூச்சம் தாங்காமப் போகுது. பிள்ளைகளைப் பிரிச்சு நிக்க வைக்கிறதா இருந்தா கூட்டாளிகளால வர்ற அழுத்தத்தை யோசிச்சு அதைக் குறைக்கணும்னு 2003 தேசிய மதக் கல்விக் கொள்கையே சொல்லுது.

அந்தக் கொள்கை சில வழியும் காட்டுது. பள்ளியில எந்த மதத்துப் பிள்ளைகள் எத்தனை பேரோ அந்த விகிதத்துல முறை வைக்கலாம். பல வேதங்கள்லருந்து பொறுக்கி வாசிக்கலாம். எல்லாருக்கும் பொதுவான பிரார்த்தனை வைக்கலாம், இல்லைன்னா கொஞ்ச நேரம் மௌனமா நிக்கலாம். என் யோசனை இதுதான்: அசெம்பிளியில அறிவிப்பும் மௌனமும் மட்டும் வைங்க. ஜெபத்தை இடைவேளையில தனி அறைக்கு மாத்துங்க. இந்துப் பிள்ளைகளோ முஸ்லிம் பிள்ளைகளோ கேட்டா, அதே மாதிரி அறை, அதே மாதிரி மேற்பார்வை அவங்களுக்கும் குடுங்க. ரெஜிஸ்டரை ஜெப நேரத்துல எடுக்காதீங்க. எடுத்தா வராத பிள்ளைக்கு லேட்னு விழும், அதுவே கட்டாயம் ஆயிடும்.

பள்ளி வெப்சைட்டையும் லெட்டர்ஹெட்டையும் பாருங்க. "கிறிஸ்தவப் பள்ளி"ன்னு போட்டிருந்தா எடுத்துடுங்க. 2017ல லார்ஸ்கூல் ராண்ட்ஹார்ட்ங்கற ஆரம்பப் பள்ளி சம்பந்தப்பட்ட வழக்குல ஜோகன்னஸ்பர்க் ஹைகோர்ட், அரசுப் பள்ளி தன்னை ஒரே மதத்துப் பள்ளின்னு காட்டிக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. வழிபாட்டையே தடை பண்ணலை, அதையும் கவனிங்க. சபை நிலத்துல நடக்கிற அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் நிலைமை வேற, அதை இதோட குழப்பாதீங்க.

இனி, விசுவாசியா என்ன செய்யறதுன்னு கேட்டீங்க. 1913 மார்ச்சுல கேப் மாகாணக் கோர்ட்டுல நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புக் குடுத்தார். பலதார மணத்தை அனுமதிக்கிற மதத்தோட சடங்குப்படி நடந்த கல்யாணம் இந்த நாட்டுல செல்லாதுன்னு. கோயில்ல தாலி கட்டின நம்ம பெண்கள் சட்டத்துக்கு முன்னால மனைவி இல்லைன்னு ஆயிட்டாங்க. சர்ச்சுல பதிஞ்ச கல்யாணத்துக்கு ஒரு குறையும் வரலை. ஒரே தமிழ், பக்கத்துப் பக்கத்து வீடு. இதை எதிர்த்து ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் நேட்டால்ல நிலக்கரிச் சுரங்கம் இருந்த நியூகாசில் வரைக்கும் போய்ச் சுரங்கத் தொழிலாளிகளைப் போராட்டத்துக்குக் கூப்பிட்டாங்க, வேலைநிறுத்தம் வெடிச்சுது. அந்தப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போன தமிழ்ப் பொண்ணு வள்ளியம்மை 1914 பிப்ரவரியில இறந்துபோனா. அந்த வருஷம் வந்த இந்தியர் நிவாரணச் சட்டத்துக்கு அப்புறம்தான் அந்தக் கல்யாணங்களுக்கு மதிப்புக் கிடைச்சது. அரசாங்கம் ஒரு மதத்துக்குச் சலுகை காட்டினா அடுத்த வீட்டுக்கு என்ன ஆகும்னு நம்ம பாட்டிமாருக்குத் தெரியும். அதனால அந்தப் பெற்றோர் கேக்கறதை விசுவாசத்துக்கு எதிரான சண்டையா நான் எடுத்துக்க மாட்டேன். நீங்களே முன்னால நின்னு புது விதியை எழுதுங்க.

எழுதும்போது ஆசிரியர்களை மறந்துடாதீங்க. பள்ளிச் சட்டம் 7ஆம் பிரிவு மாணவர்களை மட்டும் சொல்லலை, ஊழியர்களுக்கும் விருப்பம்தான்னு சொல்லுது. ஜெபத்தை நடத்துன்னு எந்த டீச்சரையும் டியூட்டி லிஸ்ட்டுல போடக் கூடாது. விதியை எழுதி, கூட்டத்துல வாசிச்சு, ஓட்டெடுத்து, மினிட்ஸ்ல ஏத்தி, ஒரு காப்பியை எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிடுங்க.