ஊருக்குச் சொந்தமான படை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் லிங்கனிலிருந்து தொடங்குவார்கள்; இல்லையென்றால் அடிமைமுறையிலிருந்து தொடங்குவார்கள். போருக்கு வேர்க்காரணம் அடிமைமுறைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு கேள்வி. 1861இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் நிலையான ராணுவத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் மேற்குப் பகுதியின் எல்லைக் கோட்டைகளில் சிதறிக் கிடந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு நாடு, போர் முடிவதற்குள் வடக்கில் மட்டுமே இருபது லட்சம் பேரை எவ்வாறு சீருடைக்குள் கொண்டுவந்தது? அரசாங்கம் திரட்டியது என்று சொன்னால் அது பாதி உண்மை. முதலில் ஆள் திரட்டியவை ஊர்கள்.

ஏப்ரல் 12ஆம் நாள் தென் கரோலைனாவில் ஒன்றிய அரசின் கையிலிருந்த சம்ட்டர் கோட்டையின்மீது, ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோன தென்மாநிலத்தார் பீரங்கித் தாக்குதல் தொடங்கினார்கள். மூன்றாம் நாள், அதாவது ஏப்ரல் 15 அன்று, லிங்கன் 75,000 பேரை மூன்று மாதப் பணிக்கு அழைத்தார். ஏன் மூன்று மாதம்? போர் அதற்குள் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது உண்மைதான்; ஆனால் 1795ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு காரணம். மாநிலங்களின் மிலிஷியாவை, அதாவது ஊர்க்குடிகளைக் கொண்ட படையை, குடியரசுத் தலைவர் அழைத்தால் ஒருவரை ஆண்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. அந்த மிலிஷியாவும் பெரும்பாலும் ஏட்டளவில்தான் இருந்தது. உடல் வலுவுள்ள 18 முதல் 45 வயது வரையுள்ள வெள்ளை ஆண்கள் அனைவரும் பெயர் பதிந்து, சொந்தத் துப்பாக்கியோடு வர வேண்டும் என்று 1792ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் ஆண்டுதோறும் நடந்த அணிவகுப்பு நாளோ குடியும் கும்மாளமுமாகத் தேய்ந்துபோயிருந்தது. உயிரோடு இருந்தவை நகரங்களில் இளைஞர்கள் தாமாகச் சேர்ந்து நடத்திய சில கம்பெனிகள், அதாவது சிறு படைப்பிரிவுகள். அழகான உடுப்பு, ஒரு பேண்டு வாத்தியம், ஆண்டுக்கொரு நடன விருந்து; இவைதான் அவற்றின் பெருமை. அந்த விளையாட்டுக் கம்பெனிகள்தாம் 1861இல் விதைநெல்லாயின.

மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ, போர் வரும் என்று ஜனவரியிலேயே கணித்து, தம் மாநில மிலிஷியாவைத் தயார்நிலையில் வைத்திருந்தார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எனவே அழைப்பு வந்த சில நாட்களுக்குள் ஆறாவது மாசசூசெட்ஸ் ரெஜிமெண்ட், அதாவது பல கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவு, ரயிலேறிவிட்டது. லோவல், லாரன்ஸ் போன்ற ஆலை நகரங்களின் தொழிலாளிகளும் கைவினைஞர்களும் அதில் நிறைந்திருந்தார்கள். ஏப்ரல் 19 அன்று பால்டிமோர் நகரில் ஒரு ரயில் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர்கள் செல்லும்போது, தெற்குக்கு ஆதரவான கூட்டம் கல்லெறிந்து தாக்கியது. வீரர்கள் திருப்பிச் சுட்டார்கள். நான்கு வீரர்களும் பன்னிரண்டு நகரவாசிகளும் இறந்தார்கள். இறந்த வீரர்களில் ஒருவரான லூதர் லாட் என்ற லோவல் ஆலைத் தொழிலாளிக்கு வயது 17.

அதையடுத்து ஆண்ட்ரூ பால்டிமோர் மேயருக்கு அனுப்பிய தந்தியை நான் முக்கியமான ஆவணமாகக் கருதுகிறேன். பழிவாங்கும் சொல் அதில் ஒன்றுகூட இல்லை. இறந்துபோன எங்கள் வீரர்களின் உடல்களைப் பனிக்கட்டியில் பாதுகாத்து, பரிவோடு எனக்கு அனுப்பி வையுங்கள், செலவு முழுவதையும் எங்கள் மாநிலம் ஏற்கும் என்பதுதான் அதன் சாரம். வாஷிங்டனைக் காக்கப் போனவர்களின் உடல்கள் வாஷிங்டனுக்குப் போகவில்லை, பாஸ்டனுக்கு வந்தன. படைவீரன் நாட்டுக்காகப் போனாலும் ஊருக்குச் சொந்தமானவன் என்ற எண்ணம் அந்தத் தந்தியில் தெரிகிறது.

மூன்று மாதக்காரர்களைக் கொண்டு போரை முடிக்க இயலாது என்பது விரைவில் தெளிவாகிவிட்டது. மே 3 அன்று லிங்கன் 42,034 தன்னார்வ வீரர்களை மூன்றாண்டுப் பணிக்கு அழைத்தார். இங்கேதான் தன்னார்வ ரெஜிமெண்ட் என்ற அமைப்பு முழு வடிவம் பெறுகிறது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர், அவர் வழக்கறிஞராகவோ பள்ளி ஆசிரியராகவோ கட்சிக்காரராகவோ இருக்கலாம், பொதுக்கூட்டம் கூட்டி, மேசைமேல் ஒரு தாளை விரித்து வைப்பார். நூறு பேர் கையெழுத்திட்டால் அது ஒரு கம்பெனி. கேப்டனையும் கீழ்நிலை அதிகாரிகளையும் அந்த நூறு பேரே வாக்களித்துத் தேர்ந்துகொள்வது வழக்கம். பத்துக் கம்பெனிகள் சேர்ந்தால் ஒரு ரெஜிமெண்ட். கர்னலை ஆளுநர் நியமிப்பார்.

இல்லினாய் மாநிலத்துக் கலீனா என்ற சிற்றூரில் நடந்த அப்படியொரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர், தந்தையின் தோல்கடையில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டிருந்த யுலிசஸ் கிராண்ட். பழைய ராணுவத்தில் இருந்தவர் என்பதால் ஊர்ப்பெண்கள் அவரிடம் வந்து, காலாட்படையின் சீருடை எப்படி இருக்க வேண்டும் என்று விவரம் கேட்டார்களாம். பிறகு அவர்களே பணம் திரட்டித் துணி வாங்கி, வெட்டுவதற்குத் தையற்காரர்களை அமர்த்தி, தைப்பதைத் தாங்களே செய்துமுடித்தார்கள் என்று கிராண்ட் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதுகிறார். அந்தக் கம்பெனியின் கேப்டன் பதவியை அவர் ஏற்கவில்லை. ஜூன் மாதத்தில், அடங்காப்பிடாரிகள் என்று பெயரெடுத்திருந்த 21ஆவது இல்லினாய் ரெஜிமெண்டுக்குக் கர்னலானார். பின்னாளில் வடக்கத்திய ஒன்றியப் படைகள் அனைத்துக்கும் தலைமை ஏற்றவரின் பாதை ஓர் ஊர்க்கூட்டத்திலிருந்து தொடங்கியது.

ஊரே தைத்துக் கொடுத்த உடுப்பால் வந்த வினையையும் சொல்ல வேண்டும். நீலமா சாம்பல் நிறமா என்று யாரும் முறைப்படுத்தாத காலம் அது. ஜூலை 21 அன்று புல் ரன் போரில் சாம்பல் நிற உடை அணிந்து நின்ற 2ஆவது விஸ்கான்சின் ரெஜிமெண்டை வடக்கத்தியரே சுட்டார்கள். நீல உடையில் முன்னேறிய 33ஆவது வர்ஜீனியா ரெஜிமெண்டைத் தம்மவர் என்று நம்பிய வடக்குப் பீரங்கிப் படை, சுடாமல் காத்திருந்து பீரங்கிகளைப் பறிகொடுத்தது. அதே நாள் காலையில் 4ஆவது பென்சில்வேனியா ரெஜிமெண்ட், தன் மூன்று மாதக் கெடு முடிந்துவிட்டது என்று கூறி, எதிரியின் பீரங்கிச் சத்தம் காதில் விழ விழ, பின்புறமாக நடையைக் கட்டியது. அவர்களை வரலாற்றாசிரியர்கள் கேலி செய்வதுண்டு. நான் செய்யமாட்டேன். தாம் செய்துகொண்டது ஓர் ஒப்பந்தம் என்று அவர்கள் கருதினார்கள். ஒப்பந்தம் முடிந்தது, போனார்கள். அவர்களுடைய கர்னல் ஹார்ட்ரான்ஃப்ட் மட்டும் தங்கி இன்னொரு படையோடு சேர்ந்து போரிட்டு, பிறகு அதற்காகவே உயரிய பதக்கம் பெற்றார்.

தானே வாக்களித்து உட்காரவைத்த கேப்டன் ஆணையிட்டால் வீரன் கேட்பானா? தொடக்கத்தில் கேட்கவில்லை. நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்த அண்டைவீட்டுக்காரருக்கு இன்று சல்யூட் அடிப்பது பெரும் கூச்சமாக இருந்தது. தகுதியற்ற அதிகாரிகளை வடிகட்டுவதற்காக 1861இலேயே தேர்வுக்குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆனால் இதே நெருக்கம்தான் போர்க்களத்தில் அவர்களை நிற்கவைத்தது என்பது என் கருத்து. இடப்பக்கம் நிற்பவன் பள்ளித்தோழன், வலப்பக்கம் நிற்பவன் தங்கையைப் பெண் கேட்டவன் என்றால், ஓடிப்போகிறவன் எந்த ஊருக்கு ஓடுவான்? அவன் ஓடிய செய்தி அவனுக்கு முன்னே கடிதத்தில் வீட்டுக்குப் போய்விடும்.

அந்த நெருக்கத்துக்கு ஊர் கொடுத்த விலை மிகப் பெரிது. ஒரு கம்பெனி ஒரு மணி நேரத்தில் அழிந்தால், ஒரே ஊரின் பல வீடுகளில் ஒரே வாரத்தில் இழவு விழும். 1863 ஜூலை 2 மாலையில், கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில், முன்வரிசையில் விழுந்த ஓட்டையை அடைக்கச் சில நிமிடங்கள் வேண்டும் என்பதற்காக முதலாவது மினசோட்டா ரெஜிமெண்ட் முன்னே ஏவப்பட்டது. அங்கு நிற்கும் அவர்களுடைய நினைவுச்சின்னம் சொல்லும் கணக்குப்படி, பாய்ந்தவர்கள் 262 பேர். விழுந்தவர்கள் 215 பேர்.

இப்படித் தேய்ந்த ரெஜிமெண்டுகளுக்குப் புதிய ஆட்களை அனுப்பி நிரப்புவதுதான் அறிவுடைமை. ஆளுநர்கள் பெரும்பாலும் அதைச் செய்யவில்லை. புதிய ரெஜிமெண்ட் ஒன்றை எழுப்பினால் கர்னல் முதல் லெப்டினன்ட் வரை முப்பதுக்கும் மேற்பட்ட பதவிகளை ஆதரவாளர்களுக்கு வழங்கலாம். பழையதை நிரப்பினால் ஒன்றும் கிடைக்காது. பழைய ரெஜிமெண்டுகளை விடாமல் நிரப்பிவந்த விஸ்கான்சின் மாநிலத்தின் ஒரு ரெஜிமெண்ட், பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த பிறருடைய ஒரு பிரிகேடுக்குச் சமம் என்று வடக்கின் ஜெனரல் ஷெர்மன் எழுதியிருக்கிறார்.

தெற்கில் ஊர்ப்பற்று இதைவிடக் கூடுதலான சிக்கலைத் தந்தது. ஆள் போதாமல் 1862 ஏப்ரலிலேயே கட்டாயச் சேர்க்கைச் சட்டம் வந்தது. மாநில உரிமைக்காகவே பிரிந்தோம் என்று சொன்ன ஜார்ஜியா ஆளுநர் ஜோசப் பிரவுன், தம் மிலிஷியா அதிகாரிகளை அந்தச் சட்டத்திடமிருந்தே காப்பாற்றிக்கொண்டிருந்தார். வடக்கிலும் 1863 மார்ச்சில் கட்டாயச் சேர்க்கை வந்தது. 300 டாலர் கட்டினால் விலக்கு என்ற விதி ஏழைகளைக் கொதிக்கவைத்தது. ஜூலையில் நியூயார்க் நகரம் கலவரத்தில் எரிந்தது.

ஊர்ப்படை என்ற இலக்கணத்துக்கு உட்படாத ஒரு படையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதே ஆண்ட்ரூ 1863இல் எழுப்பிய 54ஆவது மாசசூசெட்ஸ் ரெஜிமெண்டில் கறுப்பின வீரர்கள் பல மாநிலங்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸின் இரு மகன்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்குத் தம் கேப்டனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை, அதிகாரிகள் வெள்ளையர்கள். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர், அவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். இந்த அவமதிப்பை ஏற்கமாட்டோம் என்று சம்பளத்தையே அவர்கள் மறுத்தார்கள். குறைவதை மாநிலம் ஈடுகட்டும் என்று சொன்னபோதும் மறுத்தார்கள். பணம் வாங்காமலே 1863 ஜூலை 18 அன்று தென்மாநிலத்தாரின் வாக்னர் கோட்டையின் சுவரில் ஏறினார்கள். கர்னல் ராபர்ட் ஷா அங்கே இறந்தார். பலமுறை குண்டடிபட்ட வில்லியம் கார்னி கொடியை மண்ணில் விழவிடாமல் திரும்பினார். சம ஊதியத்துக்கு 1864 ஜூனில் சட்டம் வந்தது. அந்தத் துணிவுக்கான கார்னியின் பதக்கம் 1900இல்தான் வந்தது.

போர் முடிந்து ரெஜிமெண்டுகள் கலைக்கப்பட்டபின், 1865 டிசம்பர் 22 அன்று மாசசூசெட்ஸ் வீரர்கள் பாஸ்டன் தெருக்களில் மீண்டும் அணிவகுத்து, மாநில மாளிகையின் படிகளில் நின்றிருந்த ஆண்ட்ரூவிடம் தங்கள் கொடிகளை ஒப்படைத்தார்கள். புறப்படும் நாளில் பளபளத்த பட்டு, பல கொடிகளில் கம்பத்தைச் சுற்றிய கந்தலாக மிஞ்சியிருந்தது. நான்கரை ஆண்டுகளுக்கு முன் பனிக்கட்டியில் வைத்த உடல்களைக் கேட்டு வாங்கிய அதே மனிதர், அந்தக் கொடிகளை ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்தார்.