டெஸ்க்டாப்ல 60 ஐகான் எதுக்கு? சின்ன லேப்டாப்புக்கு ஒரு அஞ்சறைப் பெட்டி போதும்!

(திரையில்: ஐகான் நிறைஞ்ச டெஸ்க்டாப். மவுஸ் எக்செலைத் தேடி அலையுது.)

எக்செல் எங்க இருக்கு, தேடுங்க பார்ப்போம். மூணாவது வரிசையில பச்சையா ஒண்ணு தெரியுதா? அது எக்செல் இல்ல, போன மாசக் கணக்கு ஃபைல். அதுக்குக் கீழ? அதுவும் ஃபைல்தான். இப்ப இதைப் பாருங்க. விண்டோஸ் கீயைப் பிடிச்சுக்கிட்டு 4 அடிக்கிறேன். எக்செல் வந்தாச்சு! மவுஸைத் தொடவே இல்ல.

வணக்கம் நண்பர்களே! 11 இன்ச், 14 இன்ச்னு சின்னத் திரை லேப்டாப் வச்சிருக்கிற எல்லாருக்குமான வீடியோ இது. விண்டோஸ் 11ல காட்டுறேன். 10 வச்சிருக்கவங்களுக்கு எங்க மாறுதோ அங்க சொல்லிடுறேன்.

முதல்ல இடக் கணக்கு, சீக்கிரமா முடிச்சுடுவோம். விலை குறைஞ்ச லேப்டாப் நிறையத்துல திரை 1366க்கு 768 பிக்சல். அது என்ன 1366னு ஒரு எண்? 16க்கு 9ங்கிற அளவுப்படி 768 உயரத்துக்கு அகலம் 1365.33 வரணும். மூணுல ஒரு பங்கு பிக்சல்னு ஒண்ணு கிடையாதே, அதனால 1366. இந்த 768லயும், திரைக்குக் கீழ ஐகான் வரிசையா நிக்கிற டாஸ்க்பார் 48 பிக்சலை எடுத்துக்கும். விண்டோஸ் 10ல 40.

"நம்மது ஃபுல் ஹெச்டி, 1920க்கு 1080, நமக்கு இடப் பஞ்சம் இல்ல"ன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் நில்லுங்க. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய் ஸ்கேல்னு இருக்கிற இடத்தைப் பாருங்க. 14 இன்ச் ஃபுல் ஹெச்டி லேப்டாப்ல பெரும்பாலும் 150 சதவீதம்னு இருக்கும். 1920ஐ ஒன்றரையால வகுத்தா 1280. 1080ஐ வகுத்தா 720. அதாவது உங்க ஃபுல் ஹெச்டி திரையில புழங்குற இடம், அந்தப் பழைய 1366 திரையை விடக் குறைச்சல்! அதை 125 ஆக்குங்க, 1536க்கு 864 ஆகிடும். எழுத்து கொஞ்சம் சின்னதாகும். ஒரு நாள் வச்சுப் பாருங்க, கண்ணு உறுத்தினா மறுபடி 150க்கே போயிடுங்க. கண்ணை விட இடம் பெருசு இல்ல.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

(திரையில்: எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி, மூடி திறந்த நிலையில.)

வீட்டுல அஞ்சறைப் பெட்டியைப் பார்த்திருப்பீங்க. கடுகு, சீரகம், உளுத்தம்பருப்பு, மிளகு, வெந்தயம். எண்ணெய் காஞ்சு புகையுற நேரத்துல யாராவது "கடுகு எங்க"ன்னு தேடுறாங்களா? கண்ணு வாணலியில இருக்கும், கை மட்டும் கடுகு இருக்கிற கிண்ணத்துக்குப் போகும். எப்படி? அந்தக் கிண்ணம் வருஷக்கணக்கா அதே இடத்துல இருக்கு. கடுகையும் மிளகையும் ஒரு நாள் இடம் மாத்தி வச்சுப் பாருங்க, அன்னைக்கு ரசம் என்ன ஆகுதுன்னு! கை தேடுறது பொருளை இல்ல, இடத்தை. டெஸ்க்டாப்ல நாம பண்ற பெரிய தப்பு இங்கதான். படத்தைப் பார்த்துத் தேடுறோம். இடத்தை நிலையா வச்சுட்டா தேடவே வேண்டாம்.

லேப்டாப்ல அந்த அஞ்சறைப் பெட்டி, கீழ இருக்கிற டாஸ்க்பார். டாஸ்க்பார்ல பின் பண்ணின, அதாவது அங்கேயே நிக்கிற மாதிரி குத்தி வச்ச, முதல் புரோகிராமுக்கு விண்டோஸ் கீயோட 1, ரெண்டாவதுக்கு 2, இப்படி 9 வரை. பத்தாவதுக்கு 0. 2009ல விண்டோஸ் 7 வந்ததுல இருந்து இந்த வசதி இருக்கு, ஆனா இன்னும் பல பேர் ஒரு தடவை கூட அமுக்கிப் பார்த்ததில்ல. ஸ்டார்ட் பட்டன், தேடுற கட்டம் இதெல்லாம் கணக்குல வராது. அதுக்கு அடுத்து இருக்கிற ஐகான்ல இருந்துதான் எண்ணணும்.

இன்னொரு பொருத்தம் பாருங்க. இடது கைக் கட்டை விரலை விண்டோஸ் கீ மேல வைங்க. மத்த விரல் 1ல இருந்து 5 வரைக்கும் சுலபமா எட்டும். 6ல இருந்து கையை இழுக்கணும், இல்லன்னா வலது கையைக் கூப்பிடணும். அதனால ஒரே கையில எட்டுற அறை சரியா அஞ்சு! அந்த அஞ்சுல எதை வைக்கிறதுங்கிறதுதான் உங்க முடிவு. கடை வச்சிருக்கவங்கன்னா குரோம், ஃபைல் எக்ஸ்புளோரர், டாலி, எக்செல், வாட்ஸ்அப்னு வரலாம். படிக்கிற பசங்களுக்கு மூணாவது இடத்துல வேர்ட் இருக்கலாம். எதுவா இருந்தாலும் வரிசையை ஒரு தடவை முடிவு பண்ணிட்டா மாத்தக் கூடாது. புதுசா எது வந்தாலும் ஆறாவது இடத்துக்குத்தான் போகணும்.

செய்யுற முறை: ஸ்டார்ட்ல புரோகிராம் பேரை டைப் பண்ணுங்க, ரைட் கிளிக், பின் டு டாஸ்க்பார். அப்புறம் ஐகானைப் பிடிச்சு இழுத்து வரிசைப்படுத்துங்க. வேண்டாத ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணி 'அன்-பின் ஃப்ரம் டாஸ்க்பார்' கொடுங்க. புரோகிராம் அழியாது, பயப்படாதீங்க.

இங்க விண்டோஸ் 11 ஒரு சிக்கல் வச்சிருக்கு. ஐகான் எல்லாம் நடுவுல நிக்கும். நீங்க புதுசா ஒரு புரோகிராமைத் திறந்ததும் வலது பக்கம் ஒரு ஐகான் கூடும், உடனே மொத்த வரிசையும் இடது பக்கம் நகரும். மூடினா திரும்பி வரும். யாரோ அஞ்சறைப் பெட்டியைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி! எண்ணை அடிச்சாப் பிரச்சினை இல்ல, மவுஸ்ல போறவங்களுக்கு இது பெரிய தொல்லை. செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் போய், அலைன்மென்டை லெஃப்ட் ஆக்குங்க. ஸ்டார்ட் பட்டனும் மூலைக்கு வந்துடும். மூலைங்கிறது மவுஸுக்கு ரொம்ப வசதியான இடம். குறி பார்க்காம வேகமா இழுத்தாலும் அம்பு அங்கதான் போய் முட்டி நிக்கும்.

அதே பக்கத்துல 'சர்ச்'ங்கிற தேடுற கட்டத்தை ஹைட் பண்ணிடுங்க. சின்னத் திரையில அந்தக் கட்டம் பல ஐகானோட இடத்தை அடைச்சுக்குது. கட்டம் போனாலும் தேடல் போகாது, விண்டோஸ் கீயை ஒரு தடவை அமுக்கிட்டு அப்படியே டைப் பண்ணலாம். 48 பிக்சலும் திரும்ப வேணும்னா, ஆட்டோமேட்டிக்கலி ஹைட் தி டாஸ்க்பார்ங்கிறதை டிக் பண்ணுங்க. டாஸ்க்பார் மறைஞ்சிருந்தாலும் எண் வேலை செய்யும்.

இன்னும் ரெண்டு கொசுறு. திறந்து கண் முன்னாடி இருக்கிற புரோகிராமோட எண்ணை மறுபடி அடிச்சா அது கீழ ஒளிஞ்சுக்கும். கூட ஷிஃப்ட் சேர்த்தா அதே புரோகிராம்ல இன்னொரு புது விண்டோ வரும். தினமும் தொடுற கணக்கு ஃபைல் இருக்கா? டாஸ்க்பார்ல எக்செல் மேல ரைட் கிளிக் பண்ணுங்க, சமீபத்துல திறந்த ஃபைல் வரிசை வரும், பக்கத்துல குண்டூசிப் படத்தை அமுக்குங்க. அந்த ஃபைல் அங்கேயே நிக்கும், டெஸ்க்டாப்ல வைக்க வேண்டியதில்ல.

இப்ப டெஸ்க்டாப். அது சமையல் மேடை மாதிரி. நறுக்குற காய் அங்க இருக்கலாம், அரிசி மூட்டை இருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை தேவைப்படுற ஷார்ட்கட் (புரோகிராமைத் திறக்கிற குறுக்கு வழி ஐகான்) மட்டும் போதும், ஒரு எட்டு பத்து. எல்லாத்தையும் இடது பக்கம் முதல் ரெண்டு வரிசையிலயே வைங்க. காரணம் இருக்கு. புரொஜெக்டர்லயோ பழைய மானிட்டர்லயோ இணைச்சுத் திரை அளவு குறைஞ்சா, வலது ஓரத்துல வச்ச ஐகான் எல்லாம் உள்ள தள்ளப்பட்டுக் கலைஞ்சு போகும். இடது ஓரத்துல இருக்கிறது அசையாது.

ஐகான் பெருசா இருந்தா, காலி இடத்துல கிளிக் பண்ணிட்டு கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு மவுஸ் சக்கரத்தைச் சுத்துங்க. பேர் நீளமா இருந்தா எஃப்2 அடிச்சு ஒரே சொல்லா மாத்துங்க. ஷார்ட்கட் பேரை மாத்தினா புரோகிராமுக்கு ஒண்ணும் ஆகாது. ஐகான் மூலையில சின்ன அம்புக்குறி இருந்தா அது ஷார்ட்கட், தைரியமா அழிக்கலாம். அம்புக்குறி இல்லாத ஃபைலை அழிச்சா உண்மையான ஃபைலே போயிடும்.

அடிக்கடி நடக்கிற ஒரு தப்பு: புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ள போய் மூல ஃபைலையே கட் பண்ணி டெஸ்க்டாப்ல போடுறது. கூட இருந்து வேலை செய்யுற டிஎல்எல் ஃபைல் எல்லாம் அங்கேயே தங்கிடும், புரோகிராம் எர்ரர் காட்டும். ஷிஃப்ட் பிடிச்சு ரைட் கிளிக், சென்ட் டு, 'டெஸ்க்டாப் (கிரியேட் ஷார்ட்கட்)', அவ்வளவுதான். வாட்ஸ்அப் மாதிரி ஸ்டோர்ல இருந்து இறக்கினதுக்கு இந்த வழி ஒத்து வராது. விண்டோஸ் கீயோட ஆர் அடிச்சு, ஷெல், கோலன், ஆப்ஸ்ஃபோல்டர்னு இடைவெளி இல்லாம டைப் பண்ணுங்க. ஸ்பெல்லிங் திரையில இருக்கு: shell:AppsFolder. எல்லா ஆப்பும் ஒரே இடத்துல வரும், ரைட் கிளிக் பண்ணி கிரியேட் ஷார்ட்கட் கொடுத்தா டெஸ்க்டாப்ல வந்து உட்காரும்.

ஷார்ட்கட்டுக்குத் தனி கீ கூட வைக்கலாம். ப்ராப்பர்ட்டீஸ்ல ஷார்ட்கட் கீங்கிற கட்டத்துல ஒரு எழுத்தை அடிங்க, கண்ட்ரோல், ஆல்ட் தானா சேர்ந்துக்கும். அந்த ஷார்ட்கட் டெஸ்க்டாப்லயோ ஸ்டார்ட் மெனுவிலயோ இருந்தாதான் வேலை செய்யும். உள்ள ஒரு ஃபோல்டர்ல போட்டு மூடினா செய்யாது. தமிழ் டைப்பிங் மென்பொருள் வச்சிருக்கவங்க, அதோட கீ கூட மோதாத எழுத்தாப் பார்த்து வைங்க.

டெஸ்க்டாப்ல கல்யாண வீடியோ, சினிமான்னு போட்டு வைக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெஸ்க்டாப்ங்கிறது சி டிரைவுக்குள்ள இருக்கிற ஒரு ஃபோல்டர். 64 ஜிபி லேப்டாப்ல அது நிறைஞ்சா விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடம் இருக்காது. ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டோட இணையச் சேமிப்பு) பேக்கப் ஆன்ல இருந்தா, அந்த வீடியோ எல்லாம் இணையத்துக்கும் ஏறி இலவச 5 ஜிபியை அடைச்சிடும். ஒரு நாள் டெஸ்க்டாப் திடீர்னு காலியாத் தெரிஞ்சா பதறாதீங்க, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள டெஸ்க்டாப்னு இன்னொண்ணு இருக்கும், முதல்ல அங்க பாருங்க.

இப்பவே வீடியோவை நிறுத்திட்டு அஞ்சு ஐகானை வரிசைப்படுத்துங்க. உங்க வேலை என்ன, அதுக்கு அஞ்சு அறையில எதெதை வச்சீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. முதல் அறையில என்ன இருக்குன்னு பார்க்கத்தான் எனக்கு ஆவல்.