பழைய மான்க்ஸ் பக்கியை அசல் நிலைக்குக் கொண்டுவருவது எப்படி?

[திரையில்: தூசி படிந்த ஃபைபர் கிளாஸ் உடல். ஒரு முன்விளக்கு இல்லை. பின் டயர்கள் காற்றிறங்கிக் கிடக்கின்றன.]

வணக்கம். திரையில் நிற்பது மேயர்ஸ் மான்க்ஸ், கலிபோர்னியாவின் கடற்கரை மணலில் ஓட்டுவதற்கென்றே பிறந்த டியூன் பக்கி. 1964இல் நியூபோர்ட் பீச்சில் புரூஸ் மேயர்ஸ் இதன் முதல் வண்டியை உருவாக்கினார். அவர் படகு கட்டியவர், அதனால் இரும்புத் தகட்டைத் தேடிப் போகாமல் கைக்குப் பழகிய ஃபைபர் கிளாஸிலேயே உடலை வார்த்தார். வாலில்லாத மான்க்ஸ் பூனையின் பெயரை வண்டிக்கு வைத்தார். பின்பக்கத்தைப் பார்த்தாலே பெயர்ப் பொருத்தம் புரியும்.

1967இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்தில், விக் வில்சனும் டெட் மேங்கல்ஸும் ஓட்டிய மான்க்ஸ் 27 மணி 38 நிமிடத்தில் வந்து வென்றது. அதன்பின் எல்லாருக்கும் பக்கி வேண்டியிருந்தது. ஊரெல்லாம் நகல் எடுத்தார்கள். மேயர்ஸின் கம்பெனி 1971இல் மூடப்பட்டது.

இந்த வண்டியை அசல் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மான்க்ஸ் முழு வண்டியாக விற்கப்பட்டதைவிட கிட்டாக விற்கப்பட்டதுதான் அதிகம். வாங்கியவர் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றைப் பிடித்து, உடலைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, வெட்டிக் குறுக்கி, வீட்டுக் கொட்டகையிலேயே மாட்டினார். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. இதற்கு அசல் என்பது மூன்று விஷயம்: வார்ப்பிலிருந்து வந்த உடலும் அதன் மேல் நிறப் பூச்சாக இருக்கும் ஜெல்கோட்டும், அந்தச் சேஸி பிறந்த வருடத்துக்கு உரிய இயந்திரப் பாகங்கள், அந்தக் காலத்தில் மாட்டப்பட்ட சக்கரம், இருக்கை, விளக்கு. பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்த மான்க்ஸைவிட, கீறலோடு பழைய ஜெல்கோட்டைக் காப்பாற்றிய மான்க்ஸ்தான் அசல்.

[திரையில்: சேஸி நடுவே ஓடும் டனல், அதில் பொறித்த எண்.]

வருடத்தைச் சொல்வது சேஸி எண். பீட்டிலில் பின் இருக்கைக்கு அடியில் வரும் இடத்தில், டனலின் மேல் பொறித்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். பெயின்ட் ரிமூவரும் துணியும் போதும். எண்ணையும் பாகங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போன பீட்டில்களில் 1966 மாடலிலிருந்து முன்சக்கரம் திரும்பும் மூட்டு பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), அதற்கு முன் கிங் பின் (செங்குத்தான ஊசி). 1967 மாடலில் 12 வோல்ட்டும், 1500 சிசி எஞ்சினும், இரட்டைச் சர்க்யூட் பிரேக்கும் (ஒரு பாதை பழுதானாலும் இன்னொன்று பிடிக்கும்) வந்தன. 1968இல் சக்கர போல்ட் ஐந்திலிருந்து நான்கானது. 1969இல் சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் ஸ்விங் ஆக்சில் போய்ப் பின்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன் வந்தது. 1963 சேஸியில் 12 வோல்ட் ஜெனரேட்டர் இருந்தால் யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உடல் உண்மையான மான்க்ஸா, நகலா என்பதையும் கழற்றும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். அசல் உடலின் மேல் அச்செடுத்து வார்த்த நகலில் விளிம்பும் மடிப்பும் மழுங்கியிருக்கும். படம் பார்த்து முடிவெடுக்காமல், மான்க்ஸ் வண்டிகளைப் பதிவு செய்யும் ஆர்வலர் சங்கத்திடம் அளவுகளோடு போவதே சரி.

இனி சேஸிக்கு வருவோம். இந்த வண்டியின் உயிர்நிலை இங்கேதான்.

பீட்டிலின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 2,400 மி.மீ., அதாவது 94½ அங்குலம். மான்க்ஸுக்கு இதில் 14½ அங்குலத்தை வெட்டி எடுத்து 80 அங்குலமாக்கினார்கள். தளத்தகடு, டனல், அதற்குள் ஓடும் குழாய்கள் எல்லாமே வெட்டுப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டவை. ஒட்டியவர் தேர்ந்த வெல்டராகவும் இருக்கலாம், வாரக்கடைசியில் கற்றுக்கொண்டவராகவும் இருக்கலாம். அறுபது வருடத் துருவும் மணலும் அந்தத் தையலின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

[திரையில்: சேஸி நான்கு ஸ்டாண்டுகளின் மேல். தூக்குக்குண்டு தொங்குகிறது. சிமென்ட் தரையில் சாக்பீஸ் குறிகள்.]

முதலில் ரசமட்டம் வைத்துச் சேஸியை நான்கு ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்துங்கள். முன் பீமின் (முன் ஆக்சில் குழாய்களின்) இரு முனை, ஸ்ப்ரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகள் உள்ள பின் டார்ஷன் குழாயின் இரு முனை ஆகிய நான்கு இடத்திலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியுங்கள். இடப்பக்க நீளம், வலப்பக்க நீளம், இரண்டு குறுக்கு அளவுகள் நான்கையும் டேப் பிடித்து எழுதுங்கள். குறுக்கு அளவுகள் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 3 மி.மீ. வரை வித்தியாசம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் வெட்டி ஒட்டும்போதே கோணலாகிவிட்டது, அந்த வண்டி நேராக ஓடாது. டயரையும் ஸ்டீயரிங்கையும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அடுத்து, தையலின் மேல் இருக்கும் பெயின்ட்டையும் தாரையும் முழுக்க எடுத்துவிட்டு டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயம்) தெளியுங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். பழைய வெல்டிங்கின் மேலேயே இன்னொரு வெல்டிங் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அடியில் இருக்கும் துருவும் கசடும் கொதித்து மேலே வந்து குமிழ்குமிழாக உட்காரும், பார்க்கத் தடிமனாக இருந்தாலும் பலம் இருக்காது. கிரைண்டரால் நல்ல இரும்பு தெரியும்வரை வி வடிவில் தோண்டி, சிறுசிறு புள்ளியாகப் பிடித்து, இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே இழுப்பாகப் போட்டால் சூட்டில் தகடு வளைந்து, இப்போது எடுத்த அளவெல்லாம் வீணாகும்.

ஓர் எச்சரிக்கை. பீட்டிலின் பெட்ரோல் குழாய் இந்த டனலுக்குள்ளேதான் ஓடுகிறது. டேங்கைக் கழற்றி வெளியே வைத்தாலும் குழாயில் ஆவி நிற்கும். அதை வடித்து, காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே தீப்பொறி அங்கே போகலாம். வெல்டிங் முடிந்ததும் அந்தக் குழாயைப் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

கியர் ராடும் அதே 14½ அங்குலம் குறுக்கப்பட்டிருக்கும். ராடை உள்ளே ஸ்லீவ் வைத்து நேராக ஒட்டியிருக்கிறார்களா பாருங்கள். ஒட்டும்போது சற்று முறுக்கிப்போனாலும் இரண்டாவது கியரோ ரிவர்ஸோ விழாது. கியர்பாக்ஸைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் பார்க்காதவர்கள் நிறையப் பணம் செலவழித்திருக்கிறார்கள். க்ளட்ச் கேபிளின் பின்பக்க உறை நேராக நிற்கக் கூடாது, 25 முதல் 45 மி.மீ. வரை தொய்வு வேண்டும். நேராக இருந்தால் க்ளட்ச் அதிரும்.

[திரையில்: நெருக்கத்தில், ஒரு போல்ட் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போலப் பரவிய மெல்லிய விரிசல்கள்.]

உடலுக்கு வருவோம். கையில் ஒரு நாணயத்தை எடுத்து, உடல் முழுக்க இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடத்திலும், யாரோ பட்டி பூசி மூடிய இடத்திலும் தொப்பென்று அடங்கும். அங்கெல்லாம் பென்சிலால் வட்டம் போடுங்கள். இந்த வரைபடம் கையில் இல்லாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

நட்சத்திர விரிசல் வருவது ஜெல்கோட்டின் குறையால் அல்ல. அடியில் ஃபைபர் வளைகிறது, மேலிருக்கும் விறைப்பான ஜெல்கோட்டால் வளைய முடியவில்லை, அதனால் வெடிக்கிறது. சிறிய வாஷர் போட்டு போல்ட்டை இறுக்கினாலும் இதுவே நடக்கும். வெளியே நிரப்பி மூடினால் ஓரிரு மாதத்தில் அதே இடத்தில் அதே நட்சத்திரம் திரும்ப வரும். முதலில் உள்பக்கமிருந்து பலப்படுத்த வேண்டும். உள்ளே 40 அல்லது 60 நம்பர் டிஸ்க்கால் பழைய ரெசின் (ஃபைபரைப் பிணைக்கும் பிசின்) மங்கும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள சாப்டு ஸ்ட்ராண்ட் மேட் (நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு) இரண்டு அடுக்கு வையுங்கள். ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் தரும். மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். உருளையால் காற்றுக்குமிழை வெளியேற்றுங்கள். வெள்ளையாகத் தெரிகிற இடம் இன்னும் நனையாத இடம்.

உடைந்து ஓட்டையாகிப் போன இடத்தில் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும், தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு அகலம். 4 மி.மீ. உடலுக்குச் சுற்றிலும் 48 மி.மீ. சரிவு. இவ்வளவு நல்ல ஃபைபரைத் தேய்த்துத் தள்ளுவதா என்று தோன்றும். ஆனால் புது ரெசின் பழையதோடு வேதியியலாகக் கலப்பதில்லை, பிடிமானம் முழுக்கப் பரப்பளவில்தான் இருக்கிறது.

ரெசின் எது? பாலியெஸ்டர், இல்லை வினைல் எஸ்டர். எபாக்ஸி பலமானதுதான், ஆனால் அதன் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட்டின் பிடிமானத்தை நம்ப முடியாது. ஜெல்கோட் முகப்பைக் காக்கும் வேலையில் எபாக்ஸியைத் தவிர்ப்பதே நல்லது. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர், ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். 100 கிராம் ரெசினுக்கு ஒன்றரை கிராம் என்று தொடங்கி, வெயில் நாளில் ஒன்றுக்கு இறக்குங்கள். அளவு கூடினால் கிண்ணத்திலேயே கொதித்துப் புகையும். ஹார்டனரையும் அசிட்டோனையும் ஒருபோதும் கலக்காதீர்கள். ஹார்டனரின் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம்.

பிறகு முகப்பு. ஜெல்கோட்டின் மொத்தத் தடிமனே அரை மி.மீ. அளவுதான். 800 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, 1000, 1500 என்று போய், காம்பவுண்டில் முடிக்கலாம். விளிம்புகளில் இயந்திரம் வேண்டாம், கைதான். உடல் மெட்டல் ஃப்ளேக்காக (மினுக்குத் துகள் கலந்த பூச்சாக) இருந்தால் இன்னும் கவனம் தேவை. நிறம் இருப்பது ஒவ்வொரு மினுக்குத் துகளின் மேற்பரப்பில். மேலே இருக்கும் தெளிவான அடுக்கைத் தாண்டித் துகளைத் தொட்டால் அது வெள்ளியாக மாறும், அதை மறைக்க வழி கிடையாது. பழுது பார்த்த இடத்தில் புது ஜெல்கோட் பூசினால் காற்றுப் படும் பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். மெழுகுக் கரைசல் கலந்தோ, மேலே பிவிஏ (தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக்) படலம் தெளித்தோ காற்றை மறைத்தால்தான் இறுகும்.

எஞ்சினுக்கு பீட்டில் கையேடே போதும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ., எரியும் வரிசை 1-4-3-2, எண்ணெய் இரண்டரை லிட்டர். பக்கிக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது குளிரூட்டும் தகடுகள். எஞ்சின் வெளியே தெரிவதால் அழகுக்காகத் தகடுகளைக் கழற்றி எறிந்திருப்பார்கள். இது காற்றால் குளிரும் எஞ்சின். சிலிண்டருக்கு அடியில் வரும் வளைந்த தகடு இல்லையென்றால் காற்று சிலிண்டரைச் சுற்றாமல் நேராகக் கீழே போய்விடும். மூன்றாவது சிலிண்டரின் முன்னால் ஆயில் கூலர் நிற்பதால் அதற்கு ஏற்கெனவே காற்று குறைவு, எக்ஸாஸ்ட் வால்வு முதலில் எரிவதும் அங்கேதான். தகடு தேடிப் பிடித்து மாட்டுங்கள், அதுவும் அசலில் சேர்ந்ததே.

பின் சஸ்பென்ஷனில், பீட்டிலுக்கு வைத்த டார்ஷன் கோணத்தை அப்படியே விட்டால் உடல் இலேசானதால் வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கும். டார்ஷன் பாரின், அதாவது முறுக்குக் கம்பியின், உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் 9 டிகிரி, வெளியே ஒரு பல் 8 டிகிரி 10 நிமிடம். உள்ளே ஒன்று ஒரு பக்கமும், வெளியே ஒன்று எதிர்ப்பக்கமும் நகர்த்தினால் 50 நிமிடம் மாறும். இரண்டு பக்கமும் ஒரே கோணம் வையுங்கள். பெரிய பின் டயரால் வண்டி முன்னால் சாய்ந்தால் கேஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். முன் பீமின் கீழ்க்குழாய்க்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால் சரியாகும்.

ஒற்றைச் சர்க்யூட் பிரேக் உள்ள வண்டியைச் சாலையில் ஓட்டப்போகிறீர்கள் என்றால், இந்த ஓர் இடத்தில் அசலை விட்டுவிட்டு இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள். பழையதைத் துடைத்துப் பத்திரமாக வையுங்கள்.

[திரையில்: மங்கலாக எரியும் பின்விளக்கு. ஒரு கறுப்பு வயர் தொட்டதும் பளிச்சென்று எரிகிறது.]

கடைசியில் வயரிங். பீட்டிலில் இரும்பு உடலே எர்த். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும், பெட்ரோல் மீட்டருக்கும் சேஸிவரை தனி எர்த் வயர் வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கினால் எர்த் எங்கேயோ விட்டிருக்கிறது. வயர் முனை உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

உடலை மாட்டும் போல்ட்டுகளுக்கு அகலமான வாஷர், நடுவே ரப்பர் பட்டை. எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முதல் 500 கி.மீ. ஓடியதும் வால்வு இடைவெளியைப் பாருங்கள், பின் ஆக்சில் நட்டை 300 நியூட்டன் மீட்டரில் சரிபாருங்கள், உடல் போல்ட் ஒவ்வொன்றின் சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாக நட்சத்திரம் எதுவும் இல்லையென்றால் உள்ளே வைத்த மேட் பிடித்துவிட்டது.