பத்து மீட்டருக்கு நம்ம ஊரில் எது சீசன்?

வணக்கம் நண்பர்களே. புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் வாங்கியவர்கள் முதலில் படிப்பது அமெரிக்க, ஐரோப்பியக் கையேடுகளைத்தான். குளிர்காலப் பகலில் பத்து மீட்டர் பேண்ட் (28 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) நன்றாகத் திறக்கும், அதாவது தொலைதூர சிக்னல் கேட்கும், கோடையில் ஸ்போராடிக் ஈ (வானில் திடீரென்று உருவாகி சிக்னலைத் திருப்பும் மெல்லிய அடுக்கு) வரும் என்று அதில் இருக்கும். அவர்கள் ஊருக்கு அது சரி. நெல்லையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காலண்டரை நம்பினால் வேலைக்கு ஆகாது.

காரணம், காந்த நிலநடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963 இல் முதல் ராக்கெட்டை ஏவ திருவனந்தபுரம் அருகிலுள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். இங்கே பகலில் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதை ஓட்டும் மின்புலமே இன்னும் மேலே, சிக்னலைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் எஃப் அடுக்கின் எலக்ட்ரான்களையும் தூக்கிவிடுகிறது. தூக்கப்பட்டவை வடக்கிலும் தெற்கிலும் வழிந்து, 15 டிகிரி சுமாருக்குத் தள்ளி இரண்டு மேடுகளாகக் குவிகின்றன.

இந்த மேடுகள் கொழுப்பது மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும்தான். அப்போது ஒரு மேட்டில் பட்ட சிக்னல் தரைக்கு வராமலே அடுத்த மேட்டுக்குத் தாவி மறுபக்கம் இறங்கும். ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் 50 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொள்வது இப்படித்தான். 1947 இல் இதை முதலில் கவனித்தவர்களும் ஹாம்களே, விஞ்ஞானிகள் அல்ல! இதில் ஒரு வயிற்றெரிச்சல்: அந்தத் தாவல் நம் தலைக்கு மேலேயே போய்விடும். வட இந்திய நண்பர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

சரி, நமக்கு என்ன மிச்சம்? அதே மாதங்களில் சூரியன் மறைந்த பிறகும் 28 மெகாஹெர்ட்ஸ் திறந்தே இருக்கும். ஆனால் இருட்டியதும் எஃப் அடுக்கில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்பும். மின்விசிறி முன்னால் நின்று பேசுவது போல எதிராளியின் குரல் நடுங்கும். எஃப்டி8 (கணினி வழியாகச் சிறு செய்தி அனுப்பும் முறை) சிக்னல் காதில் பலமாக விழும், திரையில் டீகோட் ஆகாது. ரேடியோ கெட்டுவிட்டது என்று திறந்து பார்க்காதீர்கள்.

எண்பது மீட்டர் (3.5 மெகாஹெர்ட்ஸ்) பிரியர்களுக்கு ஒரு வரி: ஏப்ரல், மே இடிச் சத்தத்தில் காது போகும், ஜனவரி, பிப்ரவரி நல்லது.

2024 அக்டோபரில் உச்சம் தொட்ட சூரியச் சுழற்சி (சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவது) இப்போது இறங்குமுகம், அது இறங்க இறங்கப் பத்து மீட்டரும் மங்கும். அதனால் ஆன்டெனா வேலையைத் தள்ளிப் போடவேண்டாம். டைபோலுக்கு (நடுவில் இணைப்புள்ள இரு கம்பி ஆன்டெனா) ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மீட்டர் கம்பி போதும், கிழக்கு மேற்காகக் கட்டுங்கள். அப்புறம் எஃப்டி8 புழங்கும் 28.074 மெகாஹெர்ட்ஸில் வைத்து, மாலை ஆறு மணியிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.