வளவில் எவ்வளவு நிழல் வைக்கலாம்? தெஹிவளைத் தங்கச்சியின் கேள்வி

தெஹிவளையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 10 பேர்ச் காணி, மேற்கு மதிலோரம் மாமரம், கிழக்கே ஒரு பலா. பச்சை மிளகாய்க் கன்று நெடுநெடுவென்று வளருகிறதாம், காய்தான் இல்லை. "வளவில் எத்தனை வீதம் நிழல் இருக்கலாம், மாமரத்தைத் தறித்துவிடவா?" மூன்று நாளாக இந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது.

தங்கச்சி, தறிக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வீதக் கணக்கு இதற்கு உதவாது. மிளகாய், கத்தரி, தக்காளிக்கு நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும், அதில் பெரும்பகுதி மத்தியானத்துக்கு முன்பே கிடைத்துவிடும். மேற்கே நிற்கிற மாமரம் காலை வெயிலை மறைக்கவே முடியாது. மறைப்பது உங்கள் பலா! ஆனால் குற்றம் மாவின் தலையில் விழுந்துவிட்டது.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. முற்றம் இருட்டாக இருக்கிறது என்று அப்பா மேற்குப் பக்க மரத்தைத் தறிப்பித்தார். அந்த வருசமே அந்தப் பக்க அறைச் சுவர் இரவு ஒன்பது மணிக்கும் கை வைக்க முடியாமல் சுட்டது. பின்னேர வெயிலைக் கல் முழுதாகக் குடித்து வைத்துக்கொண்டு இரவில்தான் கக்கும். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு ஹோலுக்கு வந்துவிட்டார், அங்கேதான் கடைசி வரை படுத்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாது.

ஆகவே பழைய வீடியோக்களில் சொன்ன அதே குச்சி வேலைதான். காலை எட்டு மணி, பத்து மணி, மத்தியானம், பின்னேரம் மூன்று மணி, நான்கு நேரமும் நிழல் முடிகிற இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். கொழும்பில் ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வரும், அப்புறம் செப்டம்பர் தொடக்கம் வரை மத்தியானத்தில் வடக்கே நிற்கும். 30 அடி மரம் என்றால் டிசம்பர் மத்தியானத்தில் நிழல் வடக்கே ஏறத்தாழ 17 அடி போகும், ஜூனில் தெற்கே 9 அடி. குளிர் நாட்டுப் புத்தகங்கள் தெற்குப் பக்கத்தையே வெயில் பக்கம் என்று எழுதும், அதை நம்பிக் கன்று வைத்தால் இங்கே ஏமாற்றம்தான்.

சரி, பலாவை என்ன செய்வது? 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனையை அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. தறிக்கவும் தேவையில்லை. கீழ்க் கொப்புகளைக் கழித்து மரத்தின் தலையை உயர்த்தினால் போதும், ஒரே தடவையில் கால்வாசிக்கு மேல் எடுக்க வேண்டாம். பலா அடிமரத்திலும் பெரிய கொப்பிலும் காய்க்கிறது, சின்னக் கொப்பு போவதால் பழம் குறையாது.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, நிழல் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். பின்னேரக் கடற்காற்று நமக்கு மேற்கில் இருந்து வருகிறது, சுடுகிற வெயிலும் அங்கிருந்துதான். மாமரம் தரை வரைக்கும் அடர்ந்து நின்றால் வெயிலோடு காற்றும் நின்றுவிடும். ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குக் கீழே திறந்துவிடுங்கள், மேலே குடை மாதிரி இருக்கட்டும், காற்று அடியால் வீட்டுக்குள் வரும். கூரைக்கு மேல் நீளுகிற கொப்பை மட்டும் விடாதீர்கள். சருகு விழுந்து பீலி அடைத்து, தேங்குகிற தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

பலாவின் கீழே நிழல் மிச்சம் இருக்கும், அதில் இஞ்சி, மஞ்சள், ரம்பை, வல்லாரை எல்லாம் நன்றாக வரும். மிளகாய்க்கு, பத்து மணிக் குச்சிக்கு வெளியே இருக்கிற இடத்தைப் பாருங்கள். நான்கு குச்சியும் நட்ட பிறகு ஒரு படம் அனுப்புங்கள் தங்கச்சி, எந்தக் கொப்பு என்று பார்த்துச் சொல்கிறேன்.